எக்ஸ் கதிர் எச்சவொளியை ஆய்வுக்கு எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு

திருகோணமலையில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளிடம் இறுதியாண்டு ஆய்வுக்கு வானியலை எடுக்கச் சொன்னால், "இங்கே தொலைநோக்கி எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். எச்சவொளி என்பது, தொலைவிண்ணில் சிறிது நேரமே மின்னும் காமாக் கதிர் வெடிப்பு ஓய்ந்த பின் மங்கிக்கொண்டே போகும் ஒளி. அதன் எக்ஸ் கதிருக்கு அந்தச் சாட்டுச் செல்லாது. வளிமண்டலம் அதை உறிஞ்சிவிடுவதால் தரையில் எவரிடமும் அதற்குத் தொலைநோக்கி இல்லை. செய்மதி பிடித்ததைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். சுவிஃப்ட் செய்மதியின் ஒளிவளைகோடுகளை (நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபுகளை) லெஸ்டர் பல்கலைக்கழகத் தரவு மையம் இலவசமாகத் தருகிறது. கோப்புகள் மிகச் சிறியவை; உவர்மலை வீட்டிலிருந்து கைப்பேசி இணைப்பிலேயே இறக்கிக்கொண்டேன்.

அறிமுகத்தில் வரலாற்றை நீட்ட வேண்டாம். 1967இல் வேலா செய்மதிகள் காமாக் கதிர் வெடிப்பை முதலில் பதிந்தன. 1997 பெப்ரவரி 28ஆம் திகதி வெடிப்பைப் பெப்போசாக்ஸ் செய்மதி சுமார் எட்டு மணித்தியாலத்தின் பின் நோக்கி, மங்கிக்கொண்டிருந்த எக்ஸ் கதிரைக் கண்டது. 2004இல் ஏவப்பட்ட சுவிஃப்ட் ஓரிரு நிமிடத்திலேயே திரும்பிப் பார்த்தது. அந்தத் தொடக்க மணித்தியாலங்களில்தான் புதினமெல்லாம் இருந்தது.

மென்பொருளைத் திறக்குமுன் இரு அச்சும் மடக்கையான தாளில், நேரத்துக்கு எதிரே பிரகாசத்தைக் கையால் ஒரு வரைபாகக் கீறுங்கள். படித்திறன் −1 என்றால், நேரம் பத்து மடங்காகும்போது பிரகாசம் பத்தில் ஒன்றாகும். பல வெடிப்புகளில் கோடு முதலில் −3 அல்லது அதைவிடச் செங்குத்தாக விழும், பிறகு ஏறத்தாழக் கிடையாகும், பிறகு −1.2 அளவில் இறங்கும். சிலவற்றில் கடைசியாக −2 வரும். இதை மனப்பாடம் செய்தவர்கள் வாய்மொழிப் பரீட்சையில் "ஏன்?" என்ற ஒற்றைக் கேள்வியில் விழுவார்கள். முதற்சரிவுக்கு விடை கேத்திரகணிதம்: உமிழ்வு நின்ற பின்னும் வளைந்த பரப்பின் ஓரங்களிலிருந்து புறப்பட்ட ஒளி பிந்தி வந்துகொண்டிருக்கும். மூன்றாவதான −1.2 சரிவில், அதிர்ச்சியலை சுற்றியுள்ள வாயுவில் மோதி முடுக்கிய இலத்திரன்கள் காந்தப்புலத்தில் சுழன்று கதிர்வீசுகின்றன. கடைசி முறிவு, அதாவது கோடு −2க்குத் திரும்பும் இடம், வெடிப்பிலிருந்து பாயும் தாரை ஒடுக்கமானது என்பதைக் காட்டும். அரைக்கோணம் 5 பாகை என்று வைத்து 1−cos θ கணித்துப் பாருங்கள். எல்லாத் திசையிலும் பரவியதாக எண்ணிய சக்தி சுமார் 260இல் ஒரு பங்காகச் சுருங்கும். உயர்தர இணைந்த கணிதமே இதற்குப் போதும்.

கிடைப்பகுதிதான் வில்லங்கம். வேகமாகச் சுழலும் காந்த நியூத்திரன் விண்மீன் சக்தியைத் தொடர்ந்து ஊட்டுகிறது என்பது ஒரு விளக்கம். தாரையைச் சற்று ஓரமாகப் பார்க்கிறோம் என்பது இன்னொன்று. இரண்டையும் எழுதி, உங்கள் தரவு எதை விலக்குகிறது என்று மட்டும் சொல்லுங்கள். ஒன்றை அடித்துச் சொன்னால் பரீட்சகர் விடமாட்டார்.

தொடங்குவதற்கு 2006 ஜூலை 29ஆம் திகதி வெடிப்பு நல்லது. அதன் கிடைப்பகுதி நீளமானது. சுவிஃப்டுக்குப் பின் சந்திரா தொலைநோக்கியும் ஒரு வருடத்துக்கும் மேலாக அதைத் தொடர்ந்தது. அடுத்ததாக 2013 ஏப்ரல் 27ஆம் திகதி வெடிப்பை எடுங்கள். முதல் நாளிலிருந்து இரண்டரை வருடங்கள் கடந்தும் அது −1.3 என்ற ஒரே படித்திறனில், முறிவேயில்லாமல் இறங்கியது. தாரை முறிவு எங்கே போயிற்று என்று என்னிடம் கேட்டார்கள், உங்களிடமும் கேட்பார்கள்.