இவான் இலியிச்சும் கெராசிமும்

டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’ குறுநாவலில், நீதிபதி இவான் இலியிச் இறந்த செய்தியைக் கேட்டவுடன் சக அதிகாரிகளின் மனத்தில் எழுவது துக்கமன்று, காலியாகும் பதவி யாருக்குக் கிடைக்கும் என்ற கணக்கே. முன்பொருநாள் புதுவீட்டில் திரைச்சீலையை எப்படித் தொங்கவிட வேண்டுமென்று காட்ட ஏணியில் ஏறிய இவான் இலியிச், கால் இடறிச் சன்னல் சட்டத்தின் குமிழில் விலாவை இடித்துக்கொள்கிறார். நாலு பேர் மெச்சச் செய்த அலங்காரம் அது. அந்த அடிக்குப்பின் வந்த நோயில் அவர் படுக்கையில் விழுந்தபின், குணமாகிவிடும் என்று வீட்டார் அனைவரும் பாசாங்கு செய்ய, கெராசிம் என்ற குடியானவ இளைஞன் மட்டும், எல்லோரும் ஒருநாள் சாகப்போகிறவர்கள்தானே என்று சொல்லிவிட்டு, வலி தணிவதற்காக அவருடைய கால்களைச் சில நாள் இரவு முழுவதும் தன் தோள்மீது தாங்கி உட்கார்ந்திருக்கிறான். டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலில், தான் கெடுத்துக் கைவிட்ட பெண்ணைத் தொடர்ந்து நெஹ்லூதவ் என்ற பிரபு சைபீரியா வரை சென்று தேடும் பாவமன்னிப்பைவிட, முகம் சுளிக்காமல் செய்யப்படும் இந்தப் பணிவிடையையே நான் அதிகம் நம்புகிறேன்.