தருமபுரியிலிருந்து மும்பை: ஒன்றே முக்கால் மணி நேரம்தானாம்!

பெங்களூரு விமான நிலையத்திலிருந்து மும்பைக்கு நேர்க்கோட்டில் சுமார் 840 கி.மீ. டிக்கெட்டில் 1 மணி 50 நிமிடம் என்று போட்டிருந்தது. அம்மா கேட்டபோது, “ஒன்றே முக்கால் மணி நேரம்தான்மா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விமானம் என்றால் முதலில் பஸ். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம்தான் எங்களுக்குக் கிட்டம். தொப்பூர் கணவாய் இறங்கினால் வந்துவிடும். ஆனால் அங்கே இறக்கைக்கு ஒரு விசிறி வைத்த சின்ன ஏடிஆர் விமானங்கள்தான் வந்துபோகின்றன, மும்பைக்கு நேராக எதுவும் கிடையாது. சரி, தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு விமான நிலையம்தான் கதி. தருமபுரியிலிருந்து சுமார் 170 கி.மீ.

விடிகாலை 4 மணிக்குப் பஸ் ஏறினேன். கையில் அக்காவுக்கு ஒரு பெட்டி மல்கோவா. அம்மா வைக்கோல் பரப்பி, ஒவ்வொரு பழத்தையும் காம்பு கீழே இருக்கும்படி அடுக்கி, நைலான் கயிற்றால் நாலு சுற்றுக் கட்டியிருந்தார். கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டியதும் தூங்கிப்போனேன். ஓசூரில் விழித்தபோது மணி 6. அத்திப்பள்ளி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. சில்க் போர்டில் இறங்கி, விமான நிலையம் போகும் வாயு வஜ்ரா பஸ் பிடித்து, ஊரைக் குறுக்கே கடந்து வடக்கே போய்ச் சேர்ந்தபோது மணி 9.15. மொத்தப் பறப்பில் ஐந்தில் ஒரு பங்கு தூரம். அதற்கு டிக்கெட் நேரத்தைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

செக்-இன் தராசில் பெட்டியும் பையும் சேர்ந்து 16.2 கிலோ. அனுமதி 15. பின்னால் வரிசை நிற்க, தரையில் குந்திக் கயிற்றை அவிழ்த்து மூன்று பழங்களை எடுத்துத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த இடமே மணத்தது. கவுன்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே ஸ்டிக்கர் ஒட்டினார்.

11.40க்கு விமானம். கேப்டன் மைக்கில் “பறக்கும் நேரம் 1 மணி 25 நிமிடம்” என்றார். மீதி 25 நிமிடம் எங்கே போனது? நிற்கும் இடத்திலிருந்து வண்டியைப் பின்னால் தள்ளும் நிமிடத்திலிருந்து, அந்தப் பக்கம் போய் நிறுத்தும் வரை உள்ளதுதான் டிக்கெட் நேரம். ஓடுபாதை வரை உருளுவதும் வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம். மும்பையில் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் இறங்குவதற்கு முன் கடல் மேல் இரண்டு வட்டம் அடித்தோம்.

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஆனால் பெங்களூரு நிலையத்துக்கு 150 கி.மீ. தூரத்துக்குள் 2033 வரை புதிதாக எதுவும் கூடாது என்று பழைய ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. ஓசூரில் வந்தால் எனக்கு 95 கி.மீ.யோடு முடிந்துவிடும்.

தானேவில் அக்கா வீட்டுக் கதவைத் தட்டியபோது மாலை 4 மணி. அதற்குள் அம்மாவிடமிருந்து ஆறு மிஸ்டு கால். எடுத்ததும், “ஏன்டா, ஒன்றே முக்கால் மணி நேரம்னு சொன்ன?” என்றார். அக்கா அதற்குள் கயிற்றை அவிழ்த்துப் பழங்களை எண்ண ஆரம்பித்திருந்தாள்.