பம்பாத்தாவின் ஊர்க்காரர்

இன்று செப்டம்பர் 24, தென்னாப்பிரிக்காவின் பாரம்பரிய தினம். டர்பன் முழுக்க சிறுத்தைத் தோலும் மணிமாலைகளும்.

டாக்சிக்கு நின்ற பெரியவரின் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கார் டயரை அறுத்துச் செய்தது. பட்டையில் வெள்ளை, சிவப்பு வேலைப்பாடு. அடியில் டயரின் கோடுகள் இன்னும் தேயவில்லை.

எந்த ஊர் என்றேன். "கிரேடவுன் பக்கம். பம்பாத்தாவின் ஊர்" என்றார், கொஞ்சம் நிமிர்ந்து.

1906. குடிசை வரி போதாதென்று டர்பன் அடங்கிய ஆங்கிலேயக் காலனியான நேட்டாலின் அரசு, வயதுவந்த ஆண்களிடம் தலைக்கு 1 பவுண்டு வரி வசூலிக்கத் தொடங்கியது. வரி கட்டப் பணம் வேண்டும். பணத்துக்கு வெள்ளைக்காரனின் பண்ணைக்கோ சுரங்கத்துக்கோதான் போக வேண்டும். அதுதானே நோக்கம்!

சூலு இனத்தின் சோண்டி மக்களுக்குத் தலைவரான பம்பாத்தா எதிர்த்தார். என்கண்ட்லா காட்டுக்குள் போய்ச் சண்டையிட்டார். ஜூனில் மோமே பள்ளத்தாக்கில் பீரங்கிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் எதிரே ஈட்டியும் கேடயமும். அந்தக் கிளர்ச்சியில் இறந்த சூலுக்கள் 3,000க்கும் மேல்.

காந்தி அப்போது ஆங்கிலேயர் பக்கம் ஸ்ட்ரெச்சர் தூக்கப் போனவர். ஆனால் அவர் குழு மருந்து போட்டது பெரும்பாலும் கசையடி பட்ட சூலுக்களுக்கு.

இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத நம்மாட்களுக்கு அதே நேட்டாலில் 3 பவுண்டு வரி. அதற்கெதிராக 1913இல் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் செய்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தக் கதையை மேடைதோறும் சொல்கிறோம். அதற்கு ஏழு வருடம் முன்னால் நடந்த பம்பாத்தாவின் கதையை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறோம்.