யாக்டோ பில்டில் எந்த மாறி எந்தக் கோப்பில்? இடம் பிரித்து எழுதிப் பார்த்ததில் தெரிந்தவை

யாக்டோ என்பது சாதனங்களுக்கான லினக்ஸை மூலநிரலிலிருந்து கட்டும் கருவித்தொகுப்பு. இப்போதைய நிலவரம்: லோக்கல்.கான்ஃபில் குவிந்து கிடந்த மாறிகள் (பில்டின் அமைப்புகள்) அவரவர் கோப்புக்குப் போய்விட்டன. எது எங்கே, ஏன் அங்கே என்ற குறிப்பும் லேயருக்குள்ளேயே (ரெசிபிகளும் அமைப்புகளும் சேர்ந்த நம் கோப்புத் தொகுதி) இருக்கிறது. யாக்டோ 5.0 ஸ்கார்த்கேப், சொந்தமாக ஒரு டிஸ்ட்ரோ (எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான கொள்கை அமைப்புகள்), ஒரே ஒரு இமேஜ் ரெசிபி (சாதனத்தில் ஏற்றும் இமேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பு), இரண்டு மெஷின்கள் (வன்பொருள் வகைகள்): க்யூஎமு ஆர்ம்64 என்ற எமுலேட்டர், பீகிள்போன் என்ற போர்டு.

லோக்கல்.கான்ஃப் ஒரு பில்ட் டைரக்டரிக்கு மட்டும் சொந்தமானது. பெரும்பாலும் கிட் (பதிப்புக் கட்டுப்பாடு) களஞ்சியத்துக்குள் வராது. அதில் எழுதியது வேறொரு கணினியில் இருக்காது, பழைய பில்ட் டைரக்டரியை அழித்தால் அதோடு போய்விடும். சாதனத்தின் குணத்தைத் தீர்மானிக்கிற ஒரு வரி அங்கே இருக்கக்கூடாது என்பதற்கு இந்தக் காரணமே போதும். ஆனால் இடம் மாற்றும்போது வரியை வெட்டி ஒட்டினால் வேலை முடியாது. கோப்பு மாறினால் படிக்கப்படும் முறை மாறுகிறது, அதனால் பழைய ஆப்பரேட்டர் புதிய இடத்தில் வேறு பலன் தரும்.

முதலில் படிக்கும் வரிசை. யாக்டோவில் பில்டை ஓட்டும் கருவியான பிட்பேக் முதலில் எடுப்பது பிபிலேயர்ஸ்.கான்ஃப். அதில் உள்ள ஒவ்வொரு லேயரின் லேயர்.கான்ஃப் அடுத்து. பிறகு பிட்பேக்.கான்ஃப், அது சைட்.கான்ஃப், ஆட்டோ.கான்ஃப், லோக்கல்.கான்ஃப், மெஷின் கோப்பு, டிஸ்ட்ரோ கோப்பு என்ற வரிசையில் உள்ளே இழுக்கும். ரெசிபிகளும், ரெசிபிகள் பகிர்ந்துகொள்ளும் கிளாஸ்களும் இதற்கெல்லாம் பிறகுதான்.

பலரும் லோக்கல்.கான்ஃப்தான் கடைசியாகப் படிக்கப்படுகிறது, அதனால் அதன் பேச்சே செல்லும் என்று நினைக்கிறார்கள். அது டிஸ்ட்ரோவுக்கு முன்பே படிக்கப்பட்டுவிடுகிறது. சோதிக்க, பேக்கேஜ்கள் எந்த வடிவில் (ஐபிகே, ஆர்பிஎம்) வர வேண்டும் என்று சொல்லும் பேக்கேஜ்_கிளாசஸ் மாறி வசதியானது. டிஸ்ட்ரோ கோப்பில் = போட்டு ஐபிகே என்றும், லோக்கலில் = போட்டு ஆர்பிஎம் என்றும் எழுதினால் வருவது ஐபிகே; = போட்டவற்றில் கடைசியாகப் படிக்கப்பட்டதே நிற்கும். எச்சரிக்கை எதுவும் வராது. சரி, பயனர் மாற்றிக்கொள்ளட்டும் என்று டிஸ்ட்ரோவில் ?= போட்டால், இப்போது ஆர்பிஎம் வரும், லோக்கலில் யாருமே எதையும் மாற்றாவிட்டாலும்! யாக்டோவோடு வரும் போக்கி டிஸ்ட்ரோவின் மாதிரி லோக்கல்.கான்ஃபிலேயே ?= போட்டு ஆர்பிஎம் என்ற வரி இருப்பதுதான் காரணம். ?= என்றால் முதலில் வந்தவருக்கே இடம். ஆகவே நம் டிஸ்ட்ரோவுக்கான மாதிரி லோக்கல்.கான்ஃபையும் நாமே லேயருக்குள் கான்ஃப்/டெம்ப்ளேட்ஸ் கீழே வைத்து, அதிலிருந்து அந்த வரியை எடுத்துவிட வேண்டும். டெம்ப்ளேட்கான்ஃப் மாறியில் அந்த டைரக்டரியைக் காட்டினால் புதிய பில்ட் டைரக்டரி அந்த மாதிரியோடு பிறக்கும்.

அதிக நேரம் பிடித்தது, இமேஜில் சேரும் பேக்கேஜ்களின் பட்டியலான இமேஜ்_இன்ஸ்டால். நானோ என்ற எடிட்டரைச் சேர்க்க லோக்கலில் இப்படி ஒரு வரி:

இமேஜ்_இன்ஸ்டால் += "நானோ"

இந்த ஒரு வரி இரண்டு இமேஜ்களில் இரண்டு விதமாகக் கெடுக்கிறது. கோர்-இமேஜ்-மினிமல் ரெசிபி அதே மாறிக்கு = போட்டு மதிப்பு கொடுக்கிறது; ரெசிபி பிறகு படிக்கப்படுவதால் நானோ சத்தமில்லாமல் காணாமல் போகும். கோர்-இமேஜ்-பேஸ் ரெசிபியோ மதிப்பைத் தானே கொடுக்காமல், கோர்-இமேஜ் கிளாஸில் உள்ள ?= வரியை நம்பியிருக்கிறது. லோக்கலின் += ஏற்கெனவே மாறிக்கு ஒரு மதிப்பைத் தந்துவிட்டதால் அந்த ?= செயல்படாது. விளைவு, நானோ வரும், பூட் ஆவதற்கு வேண்டிய பேக்கேஜ்களின் குழுவான பேக்கேஜ்குரூப்-கோர்-பூட் வராது. பில்ட் வெற்றி என்று சொல்லும், இமேஜ் எழாது.

லோக்கலில் எழுதியே ஆக வேண்டுமென்றால்:

இமேஜ்_இன்ஸ்டால்:அப்பெண்ட் = " நானோ"

இது எல்லாம் படித்து முடித்த பிறகே சேர்க்கப்படுவதால் = வரியும் ?= வரியும் கெடாது. மேற்கோளுக்குள் முதலில் ஒரு இடைவெளி கட்டாயம்; :அப்பெண்ட் தானாக இடைவெளி விடாது, முந்தைய பேக்கேஜ் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இதுவும் தற்காலிகச் சோதனைக்கு மட்டுமே. கான்ஃப் கோப்பில் எழுதியது எல்லா இமேஜுக்கும் பொருந்தும், இனிட்ராம்எஃப்எஸ் இமேஜ் (பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறிய இமேஜ்) உட்பட. அது வீங்கி அளவு வரம்பைத் தாண்டுவது இப்படித்தான். நிரந்தர இடம் நம் இமேஜ் ரெசிபி.

இதற்கு நேர் எதிரான தவறு, உலகம் முழுவதற்கும் தெரிய வேண்டியதை இமேஜ் ரெசிபிக்குள் வைப்பது. கான்ஃப் கோப்புகளில் உள்ளது எல்லா ரெசிபிகளுக்கும் தெரியும். ஒரு ரெசிபிக்குள் எழுதியது அந்த ரெசிபிக்கு மட்டுமே தெரியும். டிஸ்ட்ரோ_ஃபீச்சர்ஸில் சிஸ்டம்டியை (பூட்டின்போது சேவைகளைத் தொடங்கும் மென்பொருள்) இமேஜ் ரெசிபியில் சேர்த்து, பேக்கேஜ் பட்டியலிலும் சிஸ்டம்டியைப் போட்டுப் பார்த்தால், தேவையான டிஸ்ட்ரோ ஃபீச்சர் இல்லாததால் சிஸ்டம்டி ரெசிபி ஒதுக்கப்பட்டது என்று பிட்பேக் நிறுத்திவிடும். இமேஜ் ரெசிபியின் பேச்சு சிஸ்டம்டி ரெசிபியின் காதுக்கு எட்டவே இல்லை. ப்ரிஃபர்டு_ப்ரொவைடர், ப்ரிஃபர்டு_வெர்ஷன், இனிட்_மேனேஜர் எல்லாவற்றுக்கும் இதே கதி. இவை டிஸ்ட்ரோ கோப்புக்கு உரியவை. கெர்னலுக்கான ப்ரிஃபர்டு_ப்ரொவைடர் மட்டும் வழக்கமாக மெஷின் கோப்பில்.

மெஷின் கோப்புக்கு ஒரு கேள்வி போதும்: போர்டை மாற்றினால் இது மாறுமா? கெர்னல்_டிவைஸ்ட்ரீ, சீரியல்_கன்சோல்ஸ், யூபூட்_மெஷின், மெஷின்_ஃபீச்சர்ஸ் எல்லாம் ஐயமில்லாமல் இங்கே. ஐயம் வருவது ஃபர்ம்வேர் பேக்கேஜ்களில். மெஷின்_எக்ஸ்ட்ரா_ஆர்ரெக்கமெண்ட்ஸில் வைஃபை ஃபர்ம்வேரைப் போட்டால், பேக்கேஜ்குரூப்-பேஸ் உள்ள இமேஜில்தான் அது வரும். கோர்-இமேஜ்-மினிமலில் அந்தக் குழு இல்லை, ஆகவே ஃபர்ம்வேரும் இல்லை. மெஷின்_எசென்ஷியல்_எக்ஸ்ட்ரா_ஆர்டிபெண்ட்ஸ் கோர்-பூட் குழு வழியாகப் போவதால் மினிமலிலும் வரும். பூட் ஆகத் தேவையானதை மட்டும் அங்கே வையுங்கள். வைஃபை அந்த வகையில் சேராது.

லேயர்.கான்ஃபில் பிபிபாத், பிபிஃபைல்ஸ், லேயர்டிபெண்ட்ஸ், லேயர்சீரிஸ்_காம்பட் போன்ற லேயரின் அடையாள விவரங்கள் தவிர வேறெதுவும் வேண்டாம். அங்கே ஒரு :அப்பெண்ட் வைத்தால், லேயரைச் சேர்த்த ஒவ்வொருவரின் பில்டும், அவர்கள் நம் டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் மாறும். யாக்டோ-செக்-லேயர் ஸ்கிரிப்ட் லேயரைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் டாஸ்க் சிக்னேச்சர்களை (ஒரு பில்ட் வேலையின் உள்ளீடுகளிலிருந்து கணக்கிடும் அடையாளம்; மாறினால் வேலை மறுபடி ஓடும்) ஒப்பிட்டு இதைப் பிடித்துவிடுகிறது. இதே காரணத்துக்காக டிஸ்ட்ரோவிலும் லேயரிலும் :ரிமூவ் (மதிப்பிலிருந்து ஒரு சொல்லை நீக்கும் ஆப்பரேட்டர்) போடுவதை நான் ஏற்பதில்லை. பிறகு வருகிறவர் அதை எந்த ஆப்பரேட்டராலும் திரும்பச் சேர்க்க முடியாது.

லோக்கலில் மிச்சம் இருப்பவை: டிஎல்_டிர் (பதிவிறக்கங்களின் இடம்), எஸ்ஸ்டேட்_டிர் (பில்ட் கேஷின் இடம்), பிபி_நம்பர்_த்ரெட்ஸ் (ஒரே நேரத்தில் ஓடும் டாஸ்க்குகள்), பேரலல்_மேக் (ஒரு டாஸ்க்குக்குள் ஓடும் கம்பைலர்கள்). கணினியைப் பொறுத்தவை. பல பில்ட் டைரக்டரிகள் வைத்திருப்பவர்கள் சைட்.கான்ஃபில் வைக்கலாம். கடைசி இரண்டுக்கும் இயல்பு மதிப்பு கோர்களின் எண்ணிக்கை. 8 கோர் என்றால் 8 டாஸ்க், ஒவ்வொன்றும் 8 கம்பைலர், மோசமான வேளையில் 64. பெரிய சி++ ரெசிபிகள் ஒன்றாகச் சேர்ந்தால் நினைவகம் தீர்ந்து, கம்பைலர் நடுவில் கொல்லப்பட்டது என்ற பிழை வரும். ரெசிபியில் கோளாறு தேடி நேரத்தை வீணாக்காமல் இரண்டில் ஒன்றைக் குறையுங்கள்.

ஆவணப்படுத்தல். தனி ரீட்மீ எழுதினால் அது சீக்கிரம் பழசாகிவிடும். பிட்பேக்கிலேயே வழி இருக்கிறது: எந்த மாறிக்கும் [டாக்] என்ற கொடியில் விளக்கம் எழுதலாம்.

நம்_அப்டேட்_முகவரி[டாக்] = "டிஸ்ட்ரோ கோப்பில் ?= உடன். லோக்கலில் மாற்றலாம். மெஷின் கோப்பில் வைத்தால் போர்டுக்குப் போர்டு முகவரி வேறாகும்."

இடம், ஆப்பரேட்டர், யார் மாற்றலாம், தவறான இடத்தில் வைத்தால் என்ன தெரியும் என்ற நான்கும் இருக்க வேண்டும். நான்காவதுதான் உண்மையில் பயன்படுகிறது. தேடி வருபவர் கையில் அறிகுறி மட்டும்தான் இருக்கும். டாக் கொடி சிக்னேச்சர் கணக்கில் சேராது, எனவே விளக்கத்தைத் திருத்தினால் மறுபடி பில்ட் ஆகாது. இந்த வரிகளை ஒரு .இன்க் கோப்பில் வைத்து, டிஸ்ட்ரோ கோப்பிலிருந்து ரிக்வயர் செய்தால் (உள்ளே இழுத்தால்) போதும். கோப்புக்கு டாக்குமெண்டேஷன்.கான்ஃப் என்று பெயர் வைக்காதீர்கள். யாக்டோவின் அடிப்படை லேயரான ஓஇ-கோரில் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. பிபிபாத் (கோப்புகளைத் தேடும் பாதை) வரிசைப்படி இரண்டில் முதலில் கிடைப்பது மட்டுமே படிக்கப்படும்.

சரிபார்க்க பிட்பேக்-கெட்வார் என்ற கட்டளை. மாறியின் பெயரை மட்டும் கொடுத்தால் கான்ஃப் கோப்புகளின் முடிவில் உள்ள மதிப்பு. -ஆர் போட்டு ரெசிபி பெயரையும் கொடுத்தால் அந்த ரெசிபிக்குள் தெரியும் மதிப்பு. எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த ஆப்பரேட்டர் என்ற வரலாறு முழுதும் வரும், டாக் விளக்கமும் அதோடு சேர்ந்தே வரும். இரண்டு மதிப்பும் வேறாக இருந்தால், வரலாற்றின் கடைசி வரிகளைப் பாருங்கள்.

அடுத்தது இரண்டு மெஷின்களையும் ஒரே ஓட்டத்தில் பில்ட் செய்ய மல்டிகான்ஃபிக் வசதி; அதில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கோப்பு. அந்தக் கோப்பு லோக்கலுக்குப் பிறகும் மெஷினுக்கு முன்பும் படிக்கப்படுவதால், மெஷின் மாறியை அதில் = போட்டுத் தாராளமாக எழுதலாம். பில்டின் வெளியீடு சேரும் டிஎம்பிடிர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனியாக வைக்கப் போகிறேன்.