ரெண்டு டிஸ்க் வாங்கிய கதை

4 டிபி (டெராபைட்) ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்கி ரெய்டு 1 போட்டேன், அதாவது ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது காப்பாற்றும்படி ரெண்டையும் சேர்த்து ஓட்டும் முறை. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். அதனால் கையில் கிடைப்பது 8 அல்ல, 4 தான். இதை வீட்டில் விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

மதர்போர்டு பயாஸிலேயே (கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) ரெய்டு இருக்கிறது. பார்க்க ஹார்டுவேர் மாதிரிதான், ஆனால் பெரும்பாலும் டிரைவர் வழியாக நம்ம சிபியுதான் உழைக்கிறது. போர்டு செத்தால் அதே வகை சிப்செட் உள்ள போர்டைத் தேடி அலைய வேண்டி வரலாம். நிஜ ரெய்டு கார்டில் தனி பிராசஸர் உண்டு, நல்லதாக வாங்கினால் கரண்ட் போனாலும் கேஷை (டிஸ்கில் எழுதக் காத்திருக்கும் தகவலை) காப்பாற்ற பேட்டரியும் உண்டு. விலையும் அப்படித்தான். ரெய்டு 5 என்கிற வேறு வகை என்றால் பாரிட்டி கணக்கு (ஒரு டிஸ்க் போனால் தகவலை மீட்கப் போடும் கணக்கு) இருக்கிறது, சரி. ஒரே தகவலை ரெண்டு இடத்தில் எழுத எதற்குத் தனி பிராசஸர்?

லினக்ஸே மென்பொருளாகச் செய்யும் ரெய்டான எம்டிரெய்டே போதும் என்று விட்டேன். ஒரு டிஸ்கை மட்டும் கழற்றி வேறு லினக்ஸ் மெஷினில் மாட்டினாலும் படிக்கலாம். முதல் சிங்க் (ரெண்டு டிஸ்கையும் ஒரே மாதிரி ஆக்கும் வேலை) ராத்திரி முழுக்க ஓடியது, தூங்காமல் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தப்பாக அழித்தால் ரெண்டிலும் சேர்ந்தே அழியும். அதனால் பாப்பா போட்டோக்கள் மட்டும் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில். மாசம் ஒருமுறை காப்பி எடுக்கிறேன், ஞாபகம் இருந்தால்.