காட்டப்படாத படங்கள்

பேச்சிப்பாறை அணைக்கு அப்பால், படகேறிப் போக வேண்டிய காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளில் இளைஞர்களோடு வேலை செய்கிறேன். கைபேசியும் சில புகைப்படங்களும் போதும். அவரவர் வாழ்க்கையில் ஒன்றை எடுத்து, சொந்தக் குரலில், இரண்டு மூன்று நிமிடப் படமாக அவர்களே செய்ய வேண்டும். டிஜிட்டல் கதைசொல்லல் என்று பெயர்; 1990களில் கலிபோர்னியாவில் உருவான முறை இது. கனடாவின் லாப்ரடார் கரையில் ரிகோலெட் என்ற சிற்றூரில் இன்யூட் பழங்குடி மக்கள் இதற்கென்றே ஒரு கூடம் வைத்து, உருகும் பனியையும் அதனால் மனத்தில் ஏறும் பாரத்தையும் பதிவு செய்தார்கள்.

நிதி தருகிறவர்களுக்குக் கண்ணீர் வேண்டும். பிள்ளைகளோ பெரும்பாலும் அதைத் தருவதில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், பாட்டி மரச்சீனி நடுவதைப் படமாக்கினாள். அவளுடைய மலைப்பேச்சை விடுதியில் கேலி செய்வார்களாம். வகுப்பில் வாயே திறக்காதவள். அந்தப் பேச்சிலேயே குரல் பதிவு செய்தாள். போட்டுக் கேட்டாள், அழித்தாள், மறுபடி பேசினாள். நடுவே பாட்டி சிரித்த இடத்தை வெட்டலாமா என்றேன். "அது இருக்கட்டும், அக்கா" என்றாள், உத்தரவு போல. இந்த வேலையில் ஆறுதல் என்று ஏதாவது உண்டென்றால், எதை வைப்பது, எதை வெட்டுவது என்று தானே தீர்மானிக்கும் அந்த நேரத்தில்தான் கண்டிருக்கிறேன்.

மருந்துக்குப் பதில் இது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாக நினைப்பதாக ஒரு பிள்ளை சொன்னால் பதிவை அங்கேயே நிறுத்திவிடுவேன். பிறகு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குத்தான் பயணம்.

பெரியவர்களின் தயக்கம் வேறு வகை. வைத்தியப் பாட்டைப் பதிவு செய்ய ஊர்த் தலைவரான மூட்டுக்காணி அனுமதிக்கவில்லை. 1987இல் அகத்தியமலைப் பக்கம் வழிகாட்டப் போன காணிகள் களைப்பு போக்கத் தின்ற ஆரோக்கியப்பச்சை என்ற செடி, ஆராய்ச்சியாளர்கள் கைக்குப் போய் 'ஜீவனி' என்ற மருந்தானது. வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் எல்லோரையும் கேட்டா கொடுத்தார்கள் என்ற முணுமுணுப்பு நிற்கவில்லை. அவர் மறுத்தது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

அதனால் ஒப்புதலை இரண்டு முறை கேட்கிறேன்: தொடங்கும்போது ஒன்று, படம் முடிந்து அவர்களே பார்த்த பிறகு ஒன்று. அப்பாவின் சாவைப் பற்றிப் படம் செய்த பையன் இரண்டாம் முறை வேண்டாம் என்றான். மெமரி கார்டை அவனிடமே கொடுத்துவிட்டு என் பிரதியை அழித்தேன். அறிக்கையில் ஓர் எண்ணிக்கை குறைந்ததில் அலுவலகத்துக்கு வருத்தம். 'காட்டப்படாத படங்கள்' என்று படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.