என் சொந்தப் பேனாவுக்கு நானே இறக்குமதி வரி கட்டிய கதை

பதினோரு வருஷமாக என் சட்டைப்பையில் இருந்த பேனா. நிப் விரிந்து மை சொட்ட ஆரம்பித்ததால், நிப் வேலையில் கை தேர்ந்த ஒருவருக்கு வெளிநாட்டுத் தபாலில் அனுப்பினேன். அவர் அழகாகச் சரிசெய்து திருப்பி அனுப்பினார். ஆனால் என் வீட்டு வாசலுக்கு வந்தது பேனா இல்லை, ஒரு சீட்டு. சுங்க வரி இவ்வளவு, கையாளும் கட்டணம் இவ்வளவு, கட்டிவிட்டுப் பார்சலைப் பெற்றுக்கொள்ளவும். மொத்தம், நிப் வேலைக்கு நான் கொடுத்த கூலியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

வரியில் பெரும்பகுதி கடைசியில் திரும்பி வந்தது. கையாளும் கட்டணம் வரவில்லை, வரவும் வராது. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

தப்பு தொடங்கிய இடம் பார்சல்மேல் ஒட்டியிருந்த சின்ன வெள்ளை லேபிள். சர்வதேசத் தபாலில் பொருள் அனுப்பினால் சுங்க அறிவிப்புப் படிவம் ஒன்று ஒட்ட வேண்டும். மதிப்பு குறைந்தவற்றுக்கு சிஎன் 22, அதற்கு மேல் போனால் சிஎன் 23. உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த படிவங்கள் என்பதால் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கட்டங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: பரிசு, ஆவணம், வணிக மாதிரி, விற்பனைப் பொருள், திருப்பி அனுப்பப்படும் பொருள், மற்றவை. நம் நிப் மனிதர் 'விற்பனைப் பொருள்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார். பொருள் விவரம் என்ற இடத்தில் 'மைப்பேனா' என்று ஒரே சொல். மதிப்பு என்ற இடத்தில் அதே பேனாவைப் புதிதாக வாங்கினால் என்ன விலையோ அது. வழியில் தொலைந்தால் எனக்கு முழு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் சுங்க அதிகாரியின் கண்ணுக்கு என்ன தெரியும்? யாரோ ஒருவர் விலை உயர்ந்த புதுப் பேனா வாங்கியிருக்கிறார். வரி போட்டார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை.

பழுதுபார்க்கப் போய்த் திரும்பும் பொருளுக்குப் பல நாடுகளில் சலுகை உண்டு. முழு மதிப்புக்கு இல்லாமல், பழுதுபார்த்த கூலிக்கும் போட்ட உதிரிபாகத்துக்கும் மட்டும் வரி. ஆனால் அந்தச் சலுகை தானாக வந்து மடியில் விழாது. நாம் கேட்க வேண்டும், அதுவும் காகிதத்தோடு. சில இடங்களில் இன்னும் கறார்: பொருள் வெளியே போவதற்கு முன்பே தற்காலிக ஏற்றுமதி என்று சுங்கத்தில் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சே இல்லை. எனக்கு அந்த அளவுக்குப் போகாமல் தப்பியது அதிர்ஷ்டம். நீங்கள் அனுப்புவதானால் அனுப்புவதற்கு முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.

எவ்வளவு வித்தியாசம் என்று கேட்பீர்கள். புரிவதற்காகப் பேனாவின் விலையை நூறு என்று வைத்துச் சொல்கிறேன், விகிதங்களும் ஒரு பேச்சுக்குத்தான். பேனா 100, தபால் செலவு 10. பல நாடுகளில் தபால் செலவையும் மதிப்போடு சேர்த்துத்தான் வரி கணக்கிடுவார்கள். ஆக 110. சுங்க வரி 10 சதவீதம் என்றால் 11. அதற்குமேல் 20 சதவீத விற்பனை வரி, அது 110-க்கு இல்லை, வரியும் சேர்ந்த 121-க்கு. அதாவது 24.20. மொத்தம் 35.20. இதே கணக்கைப் பழுதுக் கூலி 15, தபால் 10 என்று போட்டால் மொத்தம் 8-தான் வருகிறது. ஒரு கட்டத்தில் தவறாக விழுந்த டிக்கின் விலை 27.20. வரிக்கே வரி போடுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது, எனக்கும் அந்தச் சீட்டு வரும்வரை தெரியாது.

பார்சல் வந்து சேர்வதற்குள் இன்னொரு கூத்து. ட்ராக்கிங்கில் ஒன்பது நாள் 'சுங்கப் பரிசோதனையில்' என்றே நின்றது. ஏழாவது நாள் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி: உங்கள் பார்சல் நிறுத்தப்பட்டுள்ளது, சிறு தொகை கட்டினால் விடுவிக்கப்படும், இந்த இணைப்பை அழுத்தவும். காத்துக் காத்துச் சலித்திருந்த நேரம். அழுத்திவிட்டேன். கார்டு எண்ணில் பாதி அடித்த பிறகுதான், பார்சல் எண்ணை எங்குமே காணோமே என்று உறைத்தது. பதிவு அஞ்சலோ பார்சலோ, சர்வதேச எண்ணுக்கு 13 இடம். முதலில் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசி இரண்டு எழுத்து அனுப்பிய நாட்டின் குறியீடு. அந்த ஒன்பதில் கடைசி இலக்கம் முன்னுள்ள எட்டையும் வைத்துப் போடும் சரிபார்ப்பு இலக்கம், அதனால் வாய்க்கு வந்ததை அடித்தால் பொருந்தாது. உண்மையான அறிவிப்பு என்றால் அந்த எண் இருக்கும். இருந்தாலும்கூட இணைப்பை விட்டுவிட்டு, தபால் துறையின் தளத்தை நீங்களே திறந்து எண்ணைப் போட்டுப் பாருங்கள். பார்சலுக்காகக் காத்திருப்பவன் எதையும் நம்புவான், அது மோசடிக்காரனுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, கவுன்டருக்கு வருவோம்.

முதல் தடவை போனபோது சீட்டை மட்டும் எடுத்துப் போனேன். அடையாள அட்டை வேண்டும் என்றார்கள். சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததாம். வீட்டுக்கு வந்து படித்தேன், இருந்தது. மறுநாள் அட்டையோடு போனால், வெளிநாட்டுப் பார்சல் பிரிவு மதியத்தோடு மூடிவிட்டது. மற்ற கவுன்டர்கள் எல்லாம் திறந்திருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அலமாரியில் பார்சல்கள் அடுக்கியிருந்தன, அதில் பழுப்பு நிறச் சின்னப் பெட்டி ஒன்று என்னுடையதாகத்தான் இருக்கும். கை நீட்டினால் எட்டும் தூரம். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

மூன்றாவது நாள் பொறுப்பில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். இது நான் வாங்கிய பொருள் இல்லை, என்னுடையதே, பழுதுக்குப் போய் வந்தது என்று. அவர் தலையைத் தூக்காமல், வரி போடுவது சுங்கம், நாங்கள் வசூலித்துக் கொடுப்பவர்கள் மட்டும், கட்டுகிறீர்களா திருப்பி அனுப்பவா என்றார். எதற்கு எவ்வளவு போட்டார்கள் என்ற கணக்கையாவது காட்டுங்கள் என்றேன். சீட்டில் இருப்பதுதான் என்றார். சீட்டில் மொத்தமாக 'வரி' என்று ஒரு வரி, 'கட்டணம்' என்று இன்னொரு வரி. பக்கத்து இருக்கையில் இருந்தவர் இரக்கப்பட்டு, பணம் கட்டாதீர்கள், கட்டிவிட்டால் பிறகு கேட்க முடியாது என்றார். முதலாமவர் அவரைத் திரும்பிப் பார்த்து, கட்டின பிறகுதான் மனுவே போட முடியும் என்றார். இருவரும் ஒரே அலுவலகம், ஒரே மேசை.

நான் வெளியே வந்து சுங்கத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். நாற்பது நிமிஷம் சங்கீதம் கேட்ட பிறகு தெளிவான பதில் வந்தது: கட்டிவிட்டு மறுபரிசீலனை கேட்கலாம், அல்லது கட்டாமல் வைத்துவிட்டுக் கேட்கலாம். ஆனால் கட்டாமல் வைத்தால் வைப்புக் காலம் ஓடிக்கொண்டே இருக்கும், அது முடிந்தால் பார்சல் அனுப்பியவருக்கே போய்விடும். பேனா திரும்பிப் போய், மறுபடி கிளம்பி, மறுபடி இதே கவுன்டரில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். உள்ளே போய்க் கட்டினேன்.

இங்கேதான் கவனம். பார்சல் கைக்கு வந்த சந்தோஷத்தில் வீட்டு வாசலிலேயே கிழித்து, மேல் காகிதத்தைக் குப்பையில் போட்டேன். சாயங்காலம் மனுப் படிவத்தைப் படித்தால், வரித்தொகை குறித்து ஒட்டிய அசல் லேபிளும் சுங்க அறிவிப்பும் இணைக்க வேண்டுமாம். நல்லவேளை, குப்பை வண்டி மறுநாள்தான். டீத்தூள் கறையோடு எடுத்து, துடைத்து, காயவைத்தேன். உறையைக் கிழிக்காதீர்கள். ஓரத்தை வெட்டித் திறந்து, நாலு பக்கமும் படம் எடுத்து, விவகாரம் முடியும்வரை பத்திரமாக வையுங்கள்.

அடுத்த சிக்கல், பேனா முதலில் இங்கிருந்து போனது என்பதற்கு ஆதாரம். தபால் ரசீது இருந்தது. ஆனால் வெப்பத்தாள் ரசீது. ஜன்னலோர மேசையில் இரண்டரை மாதம் கிடந்ததில் வெளுத்துப்போய், சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் மட்டும் தெரிந்தது. எண்ணின் கடைசி நாலு இடம் சுத்தமாக இல்லை. அன்று இரவு போனில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பார்சலைக் கட்டி முடித்ததும் அந்த மனிதருக்கு 'அனுப்பிவிட்டேன்' என்று காட்ட ஒரு படம் எடுத்திருந்தேன். அதில் லேபிள், எண், தேதி முத்திரை, நான் எழுதிய 'பழுதுபார்க்க அனுப்பப்படுகிறது, விற்பனைக்கு அல்ல' எல்லாம் பளிச்சென்று இருந்தன. அந்தப் படம் இல்லாவிட்டால் கட்டிய வரியும் திரும்பி வந்திருக்காது.

நிப் மனிதரிடம் பில் கேட்டேன். 'பேனா சேவை' என்று தேதியே இல்லாமல் அனுப்பினார். மறுபடி கேட்டு, பேனாவின் பிராண்டு, நிறம், வரிசை எண், செய்த வேலை, கூலி, பொருள் வாடிக்கையாளருடையது என்ற ஒரு வாக்கியம், எல்லாம் போட்டு வாங்கினேன். போன பொருளும் வந்த பொருளும் ஒன்றுதான் என்று காட்டத்தான் வரிசை எண். பேனாவுக்கு வரிசை எண் இருந்தது என் யோகம். இல்லாத பொருளானால் போவதற்கு முன்பே அடையாளம் தெரிகிறமாதிரி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தைச் சரிசெய்த பேனாவாலேயே நிரப்ப ஆசைப்பட்டேன். மேலே கொட்டை எழுத்தில்: கருப்புப் பந்துமுனைப் பேனாவால் மட்டும் நிரப்பவும்.

ஏழாவது வாரம் வரியின் வித்தியாசம் கணக்கில் வந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காகிதம் சரியாக இருந்தால் சுங்கம் வம்பு செய்வதில்லை என்பது என் ஒரே அனுபவத்திலிருந்து சொல்வது. கையாளும் கட்டணத்தைப் பற்றித் தபால் துறைக்குத் தனியாக எழுதினேன். வரியே தவறு என்றான பிறகு அதை வசூலித்ததற்குக் கூலி எதற்கு என்று. ஒரு வரியில் பதில்: பார்சலைச் சுங்கத்தின் முன் வைத்து, தொகையை வசூலித்த சேவைக்கானது, சேவை வழங்கப்பட்டுவிட்டது. வாதமாகப் பார்த்தால் பிழை சொல்ல முடியாது. அதனால்தான் எரிச்சலும். அது பொருளின் மதிப்பைப் பார்க்காத தட்டையான தொகை. நூறு மடங்கு விலையுள்ள பொருளுக்கும் அதேதான், என் நிப்புக்கும் அதேதான். சின்னப் பொருள் வாங்குகிறவனுக்குத்தான் அடி. ஒரே கடையில் மூன்று பொருளை மூன்று பார்சலாக அனுப்பச் சொன்னால் மூன்று கட்டணம் விழ வாய்ப்பு உண்டு.

கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்று நண்பர் கேட்டார். கூரியர்காரர்கள் சுங்க முகவர் வேலையையும் தாங்களே பார்த்து, வரியைத் தங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு, அதற்கும் கட்டணம் போட்டு நம்மிடம் வருவார்கள். சீக்கிரம் வரும், ஆனால் மலிவு என்று சொல்ல மாட்டேன். கடையில் வாங்குவதானால், வரி எல்லாம் சேர்த்து முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் கடையா என்று பாருங்கள். 'இலவச டெலிவரி' என்பதும் 'வரி கட்டியாகிவிட்டது' என்பதும் வேறு வேறு.

மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லலாம், பரிசு என்று டிக் போடச் சொல்லலாம் என்ற யோசனைகளும் வந்தன. வேண்டாம். தொலைந்தால் இழப்பீடு அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான், பிடிபட்டால் அபராதம். பரிசு என்பதும் ஒருவர் இன்னொருவருக்குச் சும்மா அனுப்புவது. நம் சொந்தக்காரர் பணம் கட்டி, கடை நேராக நமக்கு அனுப்பினால் பல இடங்களில் அது பரிசுக் கணக்கில் வராது.

இன்னொரு பேனா போன வாரம் அதே மனிதரிடம் கிளம்பியது. இந்தத் தடவை ரசீதைக் கவுன்டரிலேயே படம் எடுத்தேன். பெட்டிக்குள் ஒரு அட்டை வைத்திருக்கிறேன்: 'திருப்பி அனுப்பப்படும் பொருள்' என்ற கட்டத்தில் டிக், விவரத்தில் 'பழுதுபார்த்த மைப்பேனா, அனுப்பியவருக்கே திரும்புகிறது', பேனாவின் மதிப்பு தனியாக, கூலி தனியாக, பில்லின் ஒரு நகல் உறைக்கு வெளியே. கடைசி வரியைச் சிவப்பில் அடிக்கோடிட்டிருக்கிறேன். அவர் அட்டையைப் படித்தாரா என்பது தபால்காரர் பெட்டியோடு வருகிறாரா, சீட்டோடு வருகிறாரா என்பதில் தெரிந்துவிடும்.